கொதிக்கும் பிராசசருக்கு எது மருந்து: பேஸ்டா, டவர் கூலரா, தண்ணீர் கூலரா?

மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். அந்த மாதிரி ஓர் அறையில்தான் நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். போன சித்திரையில் ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) போட்ட கொஞ்ச நேரத்திலேயே ஃபேன் அலறும், வேகம் படுத்துவிடும். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் 100 டிகிரி. என் பிராசசர் இன்டெல் ஐ5-10400க்கு அதுதான் உச்சவரம்பு. அதைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் விசாரித்தால் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒரு கடையில் நேராகத் தண்ணீர் கூலர், அதாவது குழாயில் ஓடும் திரவத்தால் சூட்டை எடுப்பது. வீட்டுக்கு வந்த அக்கா மகனோ, "மாமா, முதல்ல கழட்டிப் பார்ப்போம்" என்றான்.

கழற்றினோம். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரி தூசி. பிராசசருக்கும் அதற்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் கூலரைப் பிடித்துவைக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டில் மாட்டவே இல்லை. ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. இன்டெல்லோடு வரும் கூலரில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது. எதிரெதிர் மூலைகளாக அழுத்தி, ‘டிக்’ சத்தம் நான்கு முறை கேட்டதா என்று பார்க்க வேண்டும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். தூசி போக ப்ளோயரால் காற்று அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஏஎம்டி பிராசசரை ஏஎம்4 வகை சாக்கெட்டில் வைத்திருப்பவர்கள் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கூலரை மெதுவாகத் திருகி எடுக்கவும். இல்லாவிட்டால் காய்ந்த பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

சில நூறு ரூபாய் செலவில் 100 டிகிரி 86க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு இதோடு கதை முடிந்திருக்கும். எனக்கு மணிக்கணக்கில் ரெண்டரிங் ஓடும், அதனால்தான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

டவர் கூலரா (உயரமான உலோகத் தகடுகளின் நடுவே ஃபேன் காற்றடிப்பது), தண்ணீர் கூலரா என்பதில் கடைக்காரர்கள் சொல்லாத ஒன்று உண்டு. இரண்டுமே சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. 28 டிகிரி அறையில் 70 காட்டும் கூலர், அதே வேலைக்கு 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 80 காட்டும். தண்ணீர் என்பதால் அறையைவிடக் குளிர்ந்துவிடாது. என்னுடையது மாதிரி 65 வாட் பிராசசருக்கு 2,000 சொச்சம் ரூபாய் டவரே தாராளம். அதில் ஃபேன் செத்தால் வேறொரு 120 மி.மீ. ஃபேனை மாட்டிக்கொள்ளலாம். தண்ணீர் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழு செட்டையும் தூக்கிப்போட வேண்டியதுதான். 200 வாட்டுக்கு மேல் இழுக்கும் ஐ9 வகையறா வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான செலவு. எனக்கு அது வெறும் அழகு விளக்கு.

காசே செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதம் ஆக்கினால் டர்போ, அதாவது தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி, நின்றுவிடும். சூடு மளமளவென்று இறங்கும். ஆனால் 4.3 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடக்கூடியது 2.9ல் நடக்கும். பில் போடும் கடைக்குச் சரி, எடிட்டிங்குக்கு ஆகாது. பக்கக் கதவைத் திறந்து டேபிள் ஃபேன் வைப்பது நம்மூர் வழக்கம். ஒரு வாரத்துக்கு நன்றாகத்தான் இருக்கும், அப்புறம் ரோட்டுத் தூசி முழுக்க உள்ளே.

கடைசியில் டவர் கூலர்தான் வாங்கினேன். அதன் உயரம் 155 மி.மீ. என் கேபினட்டின் அகலத்தை அளக்காமல் போனது என் தப்பு. கதவு மூடவில்லை. கேபினட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.