‘கிட்னாப்டு’ நாவலும் ராயபுரத்து வாசகர்களும்

ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கிட்னாப்டு’ (கடத்தப்பட்டவன்) நாவலைச் சிறுவர்களுக்கான சாகசக் கதை என்று ஒதுக்கிவிடுவோர் இன்றும் பலர் உண்டு. அது முதலில் இளையோர் இதழ் ஒன்றில் தொடராக வந்ததும், நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பாகவே அது கிடைப்பதும் இந்த எண்ணத்தை வளர்த்திருக்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் சிலர் ஒரு நூலை எடுத்துக்கொண்டு படித்து, பிறகு ஒன்றுகூடிப் பேசும் வழக்கம் உடையவர்கள். இம்முறை இந்த நாவலின் முழுப் பதிப்பைப் படித்தோம். கருத்துகள் இரண்டாகப் பிரிந்தன என்று சொல்வதற்கில்லை, ஐந்தாறாகப் பிரிந்தன. அவற்றுள் எனக்கு முக்கியமாகப் பட்டவற்றை இங்கே எடுத்துச் சொல்லி, என் மதிப்பீட்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

கதை 1751ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் நடக்கிறது. தாயையும் தந்தையையும் இழந்த டேவிட் பால்ஃபர் என்ற கிராமத்து இளைஞன், தந்தை விட்டுச் சென்ற ஒரு கடிதத்துடன், இதுவரை பார்த்தே இராத தன் தந்தையின் உடன்பிறந்தவரைத் தேடி நடக்கிறான். சொத்தைக் கொடுக்க மனமில்லாத அந்த எபனேசர் முதலில் அவனைக் கொல்லப் பார்க்கிறார். அது பலிக்காதபோது, அமெரிக்கத் தோட்டங்களில் அடிமையாக விற்பதற்காக ஒரு கப்பல் தலைவனிடம் தள்ளிவிடுகிறார். கப்பல் உடைகிறது. அரசுக்கு எதிரான கலகத்தில் பங்கெடுத்த ஆலன் பிரெக் ஸ்டூவர்ட் என்பவனோடு டேவிட் மலைநாட்டின் குறுக்கே உயிருக்குப் பயந்து ஓடித் திரிகிறான். கடைசியில் ஒரு வழக்கறிஞரின் துணையோடு தன் உரிமையைப் பெறுகிறான். சொத்துத் தகராறு பற்றிய பகுதியில் எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பாதி கட்டி விடப்பட்ட கோபுரத்தில், இருட்டில், படிகள் முடிந்துபோகும் இடத்தை மின்னல் வெளிச்சத்தில் டேவிட் கண்டுகொள்ளும் காட்சியை மட்டும் எல்லோரும் ஒருமனதாகப் பாராட்டினார்கள்.

கடல் பகுதியைப் பற்றிப் பேச எங்களிடம் தகுதியுள்ளவர் ஒருவர் இருந்தார். விசைப்படகில் பல்லாண்டுகள் தொழில் செய்து ஓய்ந்த பெரியவர் அவர். கப்பல் டாரன் பாறைகளில் மோதி உடைவதும், டேவிட் எரெய்டு என்னும் சிறு தீவில் ஒதுங்குவதும், பாறையில் ஒட்டிக்கிடக்கும் சிப்பிகளைப் பச்சையாகத் தின்று வாந்தியெடுப்பதும், மழையில் நனைந்தபடி நாள்கணக்கில் அங்கேயே கிடப்பதும் அவருக்கு நம்பும்படியாகவே இருந்தன. அந்தத் தீவோ கடல் வற்றும் நேரத்தில் கரையோடு சேர்ந்துவிடும், நடந்தே தாண்டிவிடலாம். படகில் போகும் மீனவர்கள் கூவிச் சொன்ன பிறகுதான் டேவிட்டுக்கு அது விளங்குகிறது. இது கதைக்காகச் செய்த இட்டுக்கட்டல் என்று சிலர் குறை சொன்னபோது பெரியவர் ஏற்கவில்லை. நம் சென்னைக் கரையில் கடல் ஏறி வற்றுவது மிகச் சிறிய அளவே என்பதால் நமக்கு அது வியப்பாகத் தெரிகிறது என்றும், தரைநாட்டுப் பிள்ளைக்குத் தண்ணீரின் மட்டத்தைப் பார்க்கத் தோன்றாததுதான் இயல்பு என்றும் அவர் சொன்னார். நாவலில் டேவிட்டும், கடற்கரையில் வளர்ந்த பையன் என்றால் அங்கே ஒரு நாள்கூடக் கிடந்திருக்க மாட்டான் என்ற பொருளில் ஒப்புக்கொள்கிறான். ஸ்டீவன்சனின் தந்தையும் பாட்டனும் கலங்கரை விளக்கம் கட்டும் பொறியாளர்கள். டூ ஆர்டக் கலங்கரை விளக்கம் கட்டப்பட்ட காலத்தில், 1870இல், அவரே எரெய்டு தீவில் தங்கியிருக்கிறார். பார்த்த பாறையையும் பார்த்த தண்ணீரையும்தான் எழுதினார் என்பது இந்த அத்தியாயத்தில் வரிக்கு வரி தெரிகிறது.

மாநகராட்சிப் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கருத்து என்னை மிகவும் பாதித்தது. இந்த நாவலில் உண்மையான அனாதை டேவிட் அல்ல, கப்பலில் எடுபிடி வேலை செய்யும் ரான்சம் என்ற சிறுவன்தான் என்றார் அவர். டேவிட்டுக்கு வீடு இருக்கிறது, சொத்து இருக்கிறது, வழியனுப்ப ஓர் ஊர்ப் பாதிரியார் இருக்கிறார். ரான்சமுக்குத் தன் வயதுகூடத் தெரியாது. ஒன்பது வயதில் கடலுக்கு வந்தவன், பிறகு கணக்கை விட்டுவிட்டான். தன் தந்தை கடிகாரம் செய்பவர் என்பதும், வீட்டுக் கூடத்தில் சீழ்க்கையடிக்கும் ஒரு பறவை இருந்தது என்பதும் மட்டுமே அவனுக்கு நினைவிருக்கிறது. அழுக்குக் குவளையில் சாராயம் கொண்டுவந்தான் என்பதற்காக, குடிபோதையில் இருந்த கப்பல் அதிகாரி அவனை அடித்தே கொன்றுவிடுகிறான். அவனுடைய வேலைக்கு உடனே டேவிட்டை வைக்கிறார்கள். அப்பா அம்மா இல்லாமல் ஊரிலிருந்து ரயிலேறி வந்து பட்டறையிலும் மீன் சந்தையிலும் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை வகுப்பறைக்கு அழைத்து வருவதற்காகத் தெருத்தெருவாக அலைந்தவர் அந்த ஆசிரியை. ரான்சமை நாவலாசிரியர் சில பக்கங்களில் முடித்துவிட்டார் என்பது அவருடைய மனக்குறை. எனக்கோ அந்தச் சில பக்கங்கள் போதுமானவையாகவே தோன்றின. சீழ்க்கையடிக்கும் பறவையைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத ஒரு சிறுவனைப் பற்றி அதற்கு மேல் எழுதினால் அது இரக்கத்தை இரந்து பெறுவதாகிவிடும்.

அதிகமாக எழுந்த குறை, டேவிட் நாயகனைப் போல நடந்துகொள்ளவில்லை என்பது. அவன் ஏமாறுகிறான், பிடிபடுகிறான், நோயில் விழுகிறான். வாள் வீசுவதும் திட்டம் போடுவதும் ஆலன்தான். இளைஞர்களில் பலருக்கு இது சலிப்பைத் தந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்களோடு முழுவதும் மாறுபடுகிறேன். 1746 ஏப்ரலில் கலோடன் போர்க்களத்தில், அரியணைக்கு உரிமை கோரிக் கலகம் செய்த இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படை நொறுக்கப்பட்டது. அதன்பின் மலைநாட்டுக் குலங்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. அவர்களுடைய உடைகூடச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது, அந்தத் தடை 1782 வரை நீடித்தது. டேவிட் தாழ்நிலத்துப் பிள்ளை. ஜார்ஜ் மன்னருக்கு விசுவாசமானவன். மலைநாட்டாரின் கேலிக் மொழி அவனுக்குத் தெரியாது. தோற்றவர்களை அவன் கலகக்காரர்கள் என்று மட்டுமே கேள்விப்பட்டவன். அரசு பறித்துக்கொண்ட நிலத்துக்கு அரசாங்கத்தின் ஆளிடம் ஒரு குத்தகை கொடுத்துவிட்டு, நாடு கடந்து வாழும் தங்கள் தலைவருக்கு இரண்டாவது குத்தகையைத் தாங்களாகவே சேர்த்து அனுப்பும் ஏழைக் குடியானவர்களைப் பற்றி ஆலன் சொல்லக் கேட்கும்போதுதான், தான் கேள்விப்பட்டது பாதி என்பது அவனுக்குப் புரியத் தொடங்குகிறது. வரலாற்றை ஏற்கனவே அறிந்த ஒரு வீரன் இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நமக்குப் பிரசங்கம்தான் கிடைத்திருக்கும். எதுவும் தெரியாத கிராமத்துப் பையன் கால் நோக நடந்து, ஒவ்வொரு குடிசையாகக் கற்றுக்கொள்வதால்தான் நாமும் அவனோடு கற்றுக்கொள்கிறோம்.

தென்மாவட்டத்திலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர், பாளையக்காரர்களை ஒடுக்கிய பின் 1801 டிசம்பரில் சென்னைக் கோட்டையிலிருந்து வந்த ஆயுதத் தடை அறிவிப்பை இங்கே நினைவுபடுத்தினார். ஒப்பீடு பொருந்துகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேரடியான ஒரு தொடர்பும் உண்டு. 1745இல் கலகக்காரர் பக்கம் நின்று, பிடிபட்டு, மன்னிக்கப்பட்ட லார்ட் மக்லியோடு என்பவரே பின்னாளில் மலைநாட்டாரைச் சேர்த்து ஒரு படைப்பிரிவை அமைத்து, 1780இல் சென்னையில் வந்து இறங்கி, ஹைதர் அலியோடு போரிட்டார்.

எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது ஒரே ஒரு பக்கத்தைப் பற்றி. மல் தீவிலிருந்து படகில் கடக்கும்போது, அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் புறப்படும் ஒரு கப்பலை டேவிட் பார்க்கிறான். கப்பலில் ஏறிவிட்டவர்களும் கரையில் நிற்பவர்களும் ஒருவரையொருவர் பார்த்து அழுகிறார்கள். அது பாடலாக மாறுகிறது. கதைக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை என்று ஒருவர் சொன்னார். கதை நகர்வதற்கு அது உதவவில்லை என்பது சரிதான். ஆனால் 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல், கரும்புத் தோட்டங்களுக்காக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது இதே சென்னைக் கரையிலிருந்துதான். துறைமுகம் கட்டப்படாத அந்த நாளில், மசூலாப் படகுகளில் அலை தாண்டிப் போய்த்தான் கப்பலேற வேண்டும். நவம்பர் 16 அன்று டர்பனில் இறங்கிய அவர்களுள் தெரிந்தே சென்றவர் எத்தனை பேர், ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்டவர் எத்தனை பேர் என்று யார் சொல்ல முடியும்? டேவிட் கடத்தப்பட்டவன், அந்தக் கப்பலில் இருப்பவர்கள் தாங்களாகவே புறப்பட்டவர்கள். ஆனாலும் இருவரையும் ஒரே கடலில் அருகருகே வைத்ததன் மூலம் ஸ்டீவன்சன் தன் நாவலின் தலைப்பை ஒரு பையனிடமிருந்து ஒரு மக்கள் கூட்டத்துக்கு விரித்துவிடுகிறார். இந்தப் பக்கம் சுருக்கப் பதிப்பு எதிலாவது விடுபட்டிருந்தால், அந்தப் பதிப்பை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சட்டம் படிக்கும் மாணவி ஒருவர் கடுமையான ஆட்சேபம் ஒன்றை முன்வைத்தார். நாவலின் நடுவில், அரசின் நில முகவரான காலின் கேம்பெல், டேவிட் அவரிடம் வழி கேட்டுக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறார். இது உண்மையில் 1752 மே 14 அன்று நடந்த கொலை; கதைக்காக ஓராண்டு முன்னே நகர்த்தியிருப்பதை ஆசிரியரே நூலின் காணிக்கையுரையில் சொல்லிவிடுகிறார். ஆனால் அதற்குப் பின் நடந்த விசாரணைதான் பெரிய கொடுமை. கேம்பெல் குலத்தின் தலைவரான ஆர்கைல் கோமகனே தலைமை ஏற்று நடத்திய நீதிமன்றத்தில், பதினைந்து ஜூரிகளில் பதினொருவர் கேம்பெல்களாக இருக்க, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்பவர் குற்றத்துக்கு உடந்தை என்று தீர்ப்பாகி, 1752 நவம்பர் 8 அன்று தூக்கிலிடப்பட்டார். நாவல் இதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. டேவிட் தன் உரிமையைப் பெற்றுக்கொண்டு எடின்பரோவில் வங்கி வாசலில் நிற்கும்போது, அங்கே குற்றமற்ற ஒருவர் சிறையில் இருக்கிறார் என்பதை மாணவியால் மன்னிக்க முடியவில்லை. இந்த ஆட்சேபம் நியாயமானது. அந்த முடிவு எனக்கும் அவசரமாக, பாதியில் நிறுத்தியதுபோலவே பட்டது.

இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லலாமென்றால், ஆலனும் டேவிட்டும் சண்டையிட்டுக்கொள்ளும் அத்தியாயத்தைச் சொல்வேன். டேவிட் காய்ச்சலில் கிடக்கும்போது, அவனுடைய பணத்தை வாங்கிச் சீட்டாட்டத்தில் தொலைத்துவிடுகிறான் ஆலன். பணம் திரும்பக் கிடைத்தும் மனக்கசப்பு போகவில்லை. நாள்கணக்கில் மழையில் பேசாமல் நடக்கிறார்கள். கடைசியில் டேவிட் வாய்க்கு வந்தபடி ஏசி வாளை உருவ, ஆலன் தன் வாளைத் தூக்கி எறிந்துவிடுகிறான். அதன்பின் வீம்பையெல்லாம் விட்டுவிட்டு, தன்னால் நடக்க முடியவில்லை, உதவ வேண்டும் என்று கேட்கிறான் டேவிட். கப்பல் அறையில் இருவர் பதினைந்து பேரை எதிர்த்து நிற்கும் புகழ்பெற்ற சண்டைக் காட்சியைவிட இது பல மடங்கு உயர்ந்தது என்பதில் எங்கள் கூட்டத்தில் மாற்றுக் கருத்து இல்லை.

பெண்கள் ஏறக்குறைய இல்லாத நாவல் இது. தப்பியோடும் இருவருக்கு இரவோடு இரவாகப் படகு வலித்து ஆற்றின் முகத்துவாரத்தைக் கடத்திவிடும் விடுதிப் பெண்ணுக்கு ஆசிரியர் ஒரு பெயரைக்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் கூட்டத்துப் பெண்கள் இதைச் சுட்டிக்காட்டியபோது, ஆதரித்துப் பேசிய என்னிடம் பதில் இல்லை. ஸ்காட்லாந்து வட்டாரச் சொற்கள் முதல் ஐம்பது பக்கங்களில் தடை போடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வரைபடமும் சொற்பட்டியலும் உள்ள பதிப்பைத் தேடி வாங்குவது நல்லது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தயங்காமல் கொடுக்கலாம். கலோடன் போரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மாணவியின் கேள்விக்கும் பெண்களின் குறைக்கும் 1893இல் வந்த இதன் தொடர்ச்சியான ‘கேட்ரியோனா’ எந்த அளவுக்கு விடை தருகிறது என்று பார்ப்பதற்காக, அடுத்து அதையே படிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.