பைக்கில் கார் ஆயிலை ஊற்றிவிட்டு கிளட்ச் பிளேட்டுக்கும் பில் போட்டார்கள்

பைக்கை சர்வீஸுக்கு விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். பைபாஸ் ஓரமாகப் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு சர்வீஸ் சென்டரில் என் ஸ்ப்ளெண்டரை விட்டேன். கம்பெனி சொன்ன 10டபிள்யூ-30 கிரேடு ஆயிலையே மாற்றுங்கள் என்று சொல்லித்தான் விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால், "ஃபுல் சிந்தெடிக் 5டபிள்யூ-30 போட்டிருக்கோம் சார், அதைவிட உசத்தி" என்கிறார்கள். பில் வழக்கமான தொகையைப் போல இரண்டு மடங்கு.

கொஞ்ச நாளிலேயே கோளாறு ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் இரைகிறதே தவிர வண்டி வேகம் எடுக்கவில்லை, அதுவும் டாப் கியரில் படு மோசம். அங்கேயே திரும்பக் கொண்டுபோனேன். ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினார்கள், அதற்குத் தனி பில். பழைய பிளேட்டைக் காட்டுங்கள் என்றால் ஸ்கிராப்பில் போட்டாச்சாம். புது பிளேட் போட்டு மறுபடியும் அதே ஆயிலைத்தான் ஊற்றியிருக்கிறார்கள், அதனால் புது பிளேட்டும் நழுவ ஆரம்பித்தது.

அப்புறம்தான் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் போனேன். கிளட்ச் கேபிளில் ப்ளே (தளர்வு) சரியாக இருக்கிறதா என்று பார்த்தார், பிறகு பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது கார் ஆயில் தம்பி, பைக்ல ஏன் ஊத்தினாங்க?" என்றார். சர்வீஸ் சென்டருக்குப் போய் கேனைக் காட்டச் சொன்னேன். நான்கு லிட்டர் கேன். பின்பக்கம் ஏபிஐ (ஆயில் தரத்தைக் குறிக்கும் அமெரிக்க அமைப்பு) வட்ட முத்திரையின் கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்', அதாவது எரிபொருளை மிச்சப்படுத்தும் வகை, என்று அச்சாகியிருந்தது, பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தர முத்திரையான ஜாஸோ முத்திரையே இல்லை. கேட்டால், "ரெண்டும் 30 தானே சார்" என்கிறார் மேனேஜர்!

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான் நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி இருக்கும் என்பதற்கு. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் வைத்து, இன்ஜினைச் சுழற்ற விடுகிறதா என்று சோதிப்பார்கள். ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆக அந்த வித்தியாசத்துக்காக நாம் கூடுதல் காசு கொடுப்பதில் எந்தப் பலனும் இல்லை. பின்னால் வரும் எண்தான் இன்ஜின் சூடான பிறகு இருக்கும் கெட்டித்தன்மை. 30 என்றால் 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு). கார் ஆயிலும் பைக் ஆயிலும் இதில் ஒன்றுதான்.

ஆனால் இந்த எண் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்லும், ஆயிலில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாது. காரில் கிளட்ச் தனியாக, உலர்ந்து இருக்கும். கியர் பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், பிளேட்டுகள் அந்த ஆயிலில் ஊறியபடியேதான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் சரக்கைக் கார் ஆயிலில் சேர்க்கிறார்கள், காருக்கு அது நல்லது. பைக்கில் அதே சரக்கு பிளேட்டின் பிடியைக் குறைத்துவிடுகிறது. எல்லா கார் ஆயிலும் இப்படிச் செய்யும் என்று சொல்லமாட்டேன், ஆனால் ரிசோர்ஸ் கன்சர்விங் என்று போட்டிருந்தால் கியர் பைக் பக்கமே கொண்டுவரக் கூடாது. ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை இருந்தால்தான் இந்தக் கிளட்சுக்கு ஏற்றது என்று அர்த்தம். எம்பி என்பது ஆக்டிவா மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு, அங்கே கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை.

அண்ணன் அந்த ஆயிலை முழுக்க வடித்து எம்ஏ முத்திரை உள்ள 10டபிள்யூ-30 ஊற்றினார், கொஞ்சம் ஓட்டிவிட்டு அதையும் வடித்து மறுபடி புதிது ஊற்றினார். படிப்படியாக நழுவல் நின்றுவிட்டது. அப்படியானால் முதல் பிளேட்டும் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம், அதை நிரூபிக்க முடியாதபடி ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்கள் என்பதுதான் கோபம்.

அதனால் ஆயில் பாட்டிலின் சீலை உங்கள் கண்முன்னால் உடைக்கச் சொல்லுங்கள், பெரிய கேனிலிருந்து அளந்து ஊற்ற விடாதீர்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடையும் ஜாஸோ எழுத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் மாற்றியதும் கிளட்ச் நழுவினால் பிளேட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள், முதலில் ஆயிலை மாற்றிப் பாருங்கள். கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பித் தர அந்த இடத்தில் மறுத்துவிட்டார்கள். இரண்டு பில்களையும் கேனின் படத்தையும் வைத்து நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன், என்ன ஆகிறது என்று எழுதுகிறேன்.