இரவு பத்தா, விடியற்காலை ஐந்தா?

வேலை, பிள்ளைகள், இதற்கு நடுவே எம்பிஏ சேர்வதற்கான ஜிமேட் தேர்வு. எந்தப் புத்தகம் என்று தேடுவதற்கு முன் எந்த நேரம் என்று முடிவு செய்யுங்கள். இரண்டையும் மாதக்கணக்கில் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இரவு பத்துக்கு மேல் வீடு அமைதியாகிவிடும்; உட்கார ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மூளை அதற்குள் களைத்திருக்கும். ஒரு புதன்கிழமை சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, மகளைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரே விகிதக் கணக்கை நாலு தடவை வாசித்திருப்பேன். காலையில் தாளைப் பார்த்தால், பாதிச் சமன்பாட்டோடு பேனா கோடாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. தவிர, ஓவர்டைம் வந்தால் முதலில் பறிபோவது இந்த நேரம்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு யாரும் மீட்டிங் வைப்பதில்லை. சிங்கப்பூரில் ஏழு மணி வரை இருட்டு, ஃபோனும் ஒலிக்காது. ஜிமேட்டில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் சரியாக 45 நிமிடம். 5.15-க்குக் கடிகாரத்தை ஓடவிட்டால், மகள் எழுவதற்குள் ஒரு பகுதி முழுசாக முடிந்துவிடும். கணிதத்தில் 21 கேள்விகள், ஒன்றுக்குச் சுமார் இரண்டு நிமிடம். அந்த வேகம் தினமும் பழகினால்தான் கைக்கு வரும். இதற்கு விலையும் உண்டு: இரவு பத்துக்குப் படுத்தாக வேண்டும், வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்.

என் ஓட்டு விடியற்காலைக்கே. இரவை அடியோடு விடச் சொல்லவில்லை. காலையில் தப்பான கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைக்கப் பத்து நிமிடம் போதும். 2 மணி 15 நிமிட முழு மாதிரித் தேர்வுக்கு மட்டும் சனிக்கிழமை வட்டார நூலகம். ஜிமேட்டுக்குப் பதில் ஜிஆர்இ என்ற மேற்படிப்புத் தேர்வை எழுதுபவர்கள் ஆங்கிலச் சொற்களை எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே படிக்கலாம்.

ஒரு வாரம் விட்டுப்போனால்? விட்டதைச் சேர்த்துப் படிக்கப் போகாதீர்கள், அடுத்த நாள் ஒரே ஒரு பகுதியோடு தொடங்குங்கள். முதல் முயற்சி சரியில்லை என்றால் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம், மதிப்பெண்ணும் ஐந்து வருடம் செல்லும்.

இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு வேறு. வேலை முடிந்து வந்ததும் புத்தகத்தைத் திறக்காமல், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு வரும் முதல் 45 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது மதியம் இரண்டாக இருந்தாலும் சரி.