முடிஞ்ச பிளெண்டர் ஃபைலைக் குடைஞ்சு பைத்தான் கத்துக்கிட்ட அனுபவம்

பிளெண்டர்ங்கற இலவச 3D அனிமேஷன் சாஃப்ட்வேர்ல ஸ்கிரிப்டிங், அதாவது பைத்தான் மொழில கோடு எழுதி வேலை வாங்கறது, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு யாராவது கேட்டா நான் இப்பல்லாம் ஒரே பதில்தான் சொல்றேன், கோர்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல நல்லா அனிமேட் பண்ணி முடிச்ச ஒரு ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து அதுக்குள்ளயே கொஞ்ச நாள் கெடங்க. பிளெண்டர் ஸ்டுடியோவே அவங்க ஓபன் மூவி கேரக்டர் ரிக் (கேரக்டரை அசைக்கற எலும்புக்கூடு அமைப்பு) நிறைய கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வெளியிட்டிருக்காங்க, அதுல ஒண்ணு போதும். நான் ரொம்ப நாளா இப்படித்தான் கத்துக்கிட்டு வர்றேன்.

திறந்ததும் டெக்ஸ்ட் எடிட்டருக்குப் போகாதீங்க. பெரிய ரிக்கா இருந்தா அங்க ஒரு நீளமான யுஐ ஸ்கிரிப்ட் (ரிக்கோட பட்டன்களைக் காட்டற கோடு) இருக்கும், அதைப் பாத்தாலே பாதிப் பேருக்கு ஆசை போயிடும். அதுக்குப் பதிலா ப்ராப்பர்ட்டி கட்டங்களோட கலரைப் பாருங்க. மஞ்சள்னா இந்த ஃப்ரேம்லயே கீ, அதாவது பதிஞ்சு வெச்ச மதிப்பு, இருக்கு, பச்சைன்னா வேற ஃப்ரேம்ல கீ இருக்கு, ஊதான்னா அங்க ஒரு டிரைவர், அதாவது வேற மதிப்பைப் பாத்து இதைத் தானா மாத்தற சூத்திரம், உக்காந்திருக்கு. அந்த ஊதாதான் நமக்கு வேணும். ரைட் கிளிக் பண்ணி எடிட் டிரைவர் குடுத்தா ஒரே ஒரு வரி எக்ஸ்பிரஷன் தெரியும், அதுல வர்ற வேரியபிள் எந்த எலும்போட எந்த மதிப்பை எடுக்குதுன்னும் கீழயே இருக்கும். கையை மடக்கினா முழங்கைகிட்ட ஷேப் கீ (சேமிச்சு வெச்ச உருவ மாற்றம்) ஏன் தானா ஏறுதுன்னு நீங்களே துப்பறிஞ்சு கண்டுபிடிக்கற அந்த நிமிஷம் இருக்கே, எனக்கு வேரியபிள்னா என்னன்னு உண்மையிலேயே புரிஞ்சது அப்பதான்.

அடுத்தது ப்ரிஃபரன்ஸஸ்ல பைத்தான் டூல்டிப்ஸை ஆன் பண்ணுங்க. எந்தக் கட்டத்து மேல மவுஸ் வெச்சாலும் அதோட பைத்தான் பேர் வரும், ரைட் கிளிக்ல காப்பி ஃபுல் டேட்டா பாத் குடுத்து பைத்தான் கன்சோல்ல (கட்டளை தட்டற ஜன்னல்) பேஸ்ட் பண்ணி எண்டர் தட்டினா அந்த மதிப்பே வந்து நிக்கும், சமக்குறி போட்டு வேற எண் குடுத்தா திரையில கேரக்டர் அசையும். ஸ்கிரீன்ல இருக்கற கிட்டத்தட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படி ஒரு விலாசம் இருக்குங்கறதுதான் பிளெண்டர் ஸ்கிரிப்டிங்கோட அஸ்திவாரம். ஒண்ணு மட்டும் கவனிங்க, திரையில 90 டிகிரின்னு இருக்கறது கன்சோல்ல கிட்டத்தட்ட 1.5708னு வரும், ஏன்னா உள்ள கோணமெல்லாம் ரேடியன் கணக்கு.

நீங்க செய்யற வேலை பைத்தான்ல எப்படி எழுதப்படும்னு பாக்க இன்ஃபோ எடிட்டர் இருக்கு. ஆனா அங்கேருந்து காப்பி பண்ற வரி பெரும்பாலும் பிபிஒய்.ஆப்ஸ்னு (bpy.ops, மெனு பட்டனை அமுக்கற மாதிரியான கட்டளை) ஆரம்பிக்கும், அது எந்த மோடுல இருக்கோம், எது செலக்ட் ஆகியிருக்குன்னெல்லாம் பாத்துதான் ஓடும், இல்லன்னா கான்டெக்ஸ்ட் சரியில்லன்னு எரர் அடிக்கும். அதனால முடிஞ்சவரைக்கும் பிபிஒய்.டேட்டா (bpy.data, ஃபைல்ல இருக்கற பொருள்களோட தொகுப்பு) வழியா நேரா பொருளையே தொடறது நல்லதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

தெரியாத இடத்துலேருந்து இறக்கின ஃபைல்னா ஆட்டோ ரன்னை, அதாவது ஃபைலுக்குள்ள இருக்கற ஸ்கிரிப்ட் தானா ஓடறதை, அனுமதிக்காதீங்க, பிளெண்டர் அதை டீஃபால்ட்டாவே ஆஃப்லதான் வெச்சிருக்கு, காரணமாத்தான், பைத்தான் உங்க டிஸ்க்ல எதை வேணா தொடலாம். ஆஃப்ல இருந்தாலும் சாதாரணக் கூட்டல் கழித்தல் டிரைவர்லாம் ஓடும், ஸ்கிரிப்டைப் படிச்சுப் பாத்துட்டு அப்புறம் அனுமதி குடுங்க.

வெர்ஷனும் முக்கியம். 2019ல வந்த 2.80ல பொருள்களைப் பிரிச்சு வெக்கற லேயர் போயி கலெக்‌ஷன் வந்துச்சு, 2023ல 4.0 வந்தப்ப எலும்பு லேயரும் போன் கலெக்‌ஷனா மாறிடுச்சு, அதனால பழைய ஃபைல்ல இருக்கற ஸ்கிரிப்ட் புதுசுல பல சமயம் நின்னுடும். அந்த ஃபைல் எந்த வெர்ஷன்ல செஞ்சதோ அதையே தனியா இறக்கி வெச்சுக்கோங்க, பழைய வெர்ஷன் எல்லாமே பிளெண்டர் தளத்துல கிடைக்குது, ஒரே மெஷின்ல பக்கத்துப் பக்கத்துல வெச்சுக்கலாம், ஒண்ணும் ஆகாது.

ரேம் கம்மியா இருக்கறவங்க முழு ஷாட் ஃபைலைத் திறக்க வேணாம். அதுல கேரக்டரும் செட்டும் வேற ஃபைல்லேருந்து லிங்க் ஆகி வரும், பாதி ப்ராப்பர்ட்டிய எடிட்டே பண்ண விடாது. கேரக்டர் ஃபைலை மட்டும் தனியாத் திறந்தா லேப்டாப்பும் தாங்கும், எல்லாத்தையும் தொட்டும் பாக்கலாம்.