தரங்கம்பாடியில் சர்ப்ரைஸ் ப்ரபோஸல்: ஏற்பாடு செய்து தந்த குழுவைப் பற்றி

நானும் அவளும் ஒரு வருடமாகக் கல்யாணம் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தோம், இரண்டு வீட்டிலும் தெரியும், ஆனால் "என்னைக் கட்டிக்கிறியா" என்று நான் ஒரு தடவைகூட முறையாகக் கேட்டதில்லை. போன பிப்ரவரியில் கேட்டேன். அவளுக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையையும், அதன் பக்கத்திலேயே கடல் அரித்தது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலையும் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால் சென்னையிலிருந்து அத்தனை தூரம் கூட்டிப்போகப் பொய்க்காரணம் எதுவும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஏற்பாடு செய்தது புதுச்சேரியிலிருந்து வேலை செய்யும் ஒரு சின்னக் குழு. நடத்துகிற அக்கா முதல் போனில் கேட்டது பட்ஜெட் இல்லை. "தம்பி, அந்தப் பொண்ணு சரின்னு சொல்லும்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?" தெரியும் என்றேன். தெரியாதவர்களுக்குப் பொது இடத்தில் செய்து தர மாட்டார்களாம். நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, கேமரா ஓட, ஒரு பெண் மனதில் உள்ளதை எப்படிச் சொல்வாள் என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே அவர்களை எனக்குப் பிடித்துவிட்டது.

நான் மனதில் வைத்திருந்தது சாயங்கால சூரியன், வட்டமாக மெழுகுவர்த்தி, சீரியல் லைட், பலூன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். இது கிழக்குக் கடல், சூரியன் கடலில் மறையாது, முதுகுக்குப் பின்னால் ஊருக்குள் இறங்கும். வெயில் ஏற ஏறக் கடலிலிருந்து காற்று கிளம்பிவிடும், சாயங்காலம் வரை ஒரு மெழுகுவர்த்தியும் நிற்காது. விடியற்காலையில் பெரும்பாலும் காற்று தரையிலிருந்து மெதுவாகத்தான் வரும், ஆளும் குறைவு, சூரியனும் நேராகக் கடலிலிருந்து எழும்பும். லைட் வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணம் எனக்குப் புதிது. ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் காலம், கரையில் வெளிச்சம் இருந்தால் பொரித்து வரும் குஞ்சுகள் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திசைமாறிப் போய்விடும். பலூன் வெடித்தால் நேராகக் கடலுக்குத்தான் போகும் என்று அதையும் எடுத்துவிட்டார். பேக்கேஜில் பாதியைத் தானே வெட்டிவிடுகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் இருந்தது ஒரு கோரைப்பாய், சம்பங்கியும் மல்லிகையும் சேர்த்துக் கட்டிய சரம், ஃபிளாஸ்கில் காபி, அவ்வளவுதான். போட்டோகிராபர் கோயிலைப் படம் எடுக்க வந்த ஆள் மாதிரி எங்களுக்கு முன்பே வந்து நின்றுவிட்டார். அவளுடைய தங்கையிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். கோயில் முன்னால் போட்டோ எடுக்கலாம், புடவை கட்டிக்கோ என்று தன் அக்காளிடம் சொன்னது அந்தத் தங்கைதான். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். தூங்கி எழுந்த நைட் பேண்ட்டோடு அந்தப் படங்களில் இருந்திருந்தால் அவள் காலத்துக்கும் வருத்தப்பட்டிருப்பாள்.

ஆறரை மணி வாக்கில் சூரியன் வந்தது. மீன்பிடிக்கப் போன ஃபைபர் படகுகள் இரண்டு திரும்பிக்கொண்டிருந்தன. பாயையும் பூவையும் பார்த்ததும் யாரோ பூஜைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி நடந்தாள், நான் மண்ணில் முட்டிபோட்டு மோதிரத்தை எடுத்த பிறகுதான் புரிந்தது. அவள் முதலில் கேட்டது, "அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியும் என்றதும் கையை நீட்டினாள். அழுதுகொண்டேதான்.

இனி குறைகள். மொத்தம் 22,000 ரூபாய் வாங்கினார்கள். அதில் 2,500 'லொகேஷன் கட்டணம்'. நாங்கள் கோட்டைக்குள் போகவே இல்லை, நின்றது எல்லோரும் நடக்கும் கடற்கரை, அங்கே யாருக்கு என்ன கட்டணம்? ரசீது கேட்டேன், இரண்டு தடவை கேட்டும் வரவில்லை. அத்தனை நேர்மையாகப் பேசிய அக்கா இதில் மட்டும் மழுப்பியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. படங்கள் பத்து நாளில் வரும் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. வந்தவற்றில் கலர் அவ்வளவு ஏற்றியிருந்தார்கள், அவள் முகமே மஞ்சள் பூசியது போல இருந்தது. ஒரிஜினல் ஃபைல்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், அவைதான் அழகு. அட்வான்ஸ் கொடுக்கும்போதே ஒரிஜினல் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ட்ரோன் வேண்டுமா என்றும் கேட்டார்கள், வேண்டாம் என்றேன். அந்த இரைச்சல் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாம் முடிந்து நாங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த இரண்டு பையன்கள் மண்ணில் சிதறிய பூவையும் நூலையும் குனிந்து குனிந்து பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன், அந்த நாலில் ஒன்று அந்தப் பையன்களுக்கு.