“கவுண்ட் இறங்குது சார்”: டெங்குவில் நான் ஏமாந்த கதை

மருத்துவமனையின் பெயரைக் கேட்க வேண்டாம். நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கிறது, பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தாலும் உங்களுக்குப் பெரிய உபயோகம் இல்லை. எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் அதே மாதிரி நான்கு போர்டுகள் தொங்குகின்றன. நடந்ததைச் சொல்கிறேன், மழைக்காலத்தில் உங்கள் வீட்டில் யாராவது காய்ச்சலோடு படுத்தால் நினைவுக்கு வரட்டும்.

நாங்கள் இருப்பது சென்னையில், பள்ளிக்கரணைப் பக்கம். கொசு என்றாலே எல்லாரும் சதுப்பு நிலத்தைக் கை காட்டுவார்கள். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு பெரிய இடமெல்லாம் தேவையில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத சம்ப், இவை போதும். பகலில் கடிக்கும். வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளரை, “மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் வாங்க” என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியவன் நான்தான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பரில் ஒரு செவ்வாய் மாலை 103 டிகிரி காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி, இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வலி. புதன்கிழமை மெடிக்கல் ஷாப்பில் “உடம்பு வலிக்கும் சேர்த்து” என்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள், இரண்டு வேளை போட்டேன். பாராசிட்டமாலோடு இன்னொரு வலி நிவாரணியும் சேர்ந்த மாத்திரை அது என்று பிறகுதான் தெரிந்தது. டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை வெறும் பாராசிட்டமால்தான். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகையறாக்கள் ரத்தக்கசிவைக் கூட்டும். டைக்ளோஃபெனாக் ஊசியாகவும் வரும், அதுவும் கூடாது.

வியாழன் காலை மெயின் ரோட்டில் உள்ள அந்த மருத்துவமனைக்குப் போனோம். விரல் நீளத்துக்கு ஓர் அட்டை, அதில் டெங்குவைக் கண்டுபிடிக்கும் என்.எஸ்.1 பரிசோதனை, இருபது நிமிடத்தில் பாசிட்டிவ். தட்டணுக்கள், அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், 1,12,000. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியவை. டியூட்டி டாக்டர் தாளை என்னிடம் காட்டவில்லை, என் மனைவியிடம் காட்டினார். “கவுண்ட் இறங்க ஆரம்பிச்சிடுச்சும்மா. உடனே அட்மிட் பண்ணுங்க.”

அன்றைக்கு நான் நடந்துதான் போனேன். வாந்தி இல்லை, தண்ணீர் குடிக்க முடிந்தது, சிறுநீர் ஒழுங்காகப் போனது. அந்த நிலையில் வீட்டிலேயே படுத்து, தினம் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, அபாய அறிகுறி தெரிந்தால் ஓடி வருவதுதான் முறை. அதை யாரும் சொல்லவில்லை. 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டச் சொன்னார்கள். ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கிறது என்றதற்கு, “கேஷ்லெஸ் அப்ரூவல் வர ரெண்டு நாள் ஆகும் மேடம், இப்போ கட்டிடுங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர். 2024-ல் வந்த இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் சுற்றறிக்கைப்படி, முதல் அனுமதிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அது எங்களுக்கு அப்போது தெரியாது. அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் அந்த அறையில் ஒரே பேச்சுதான். கவுண்ட் எவ்வளவு? வெள்ளிக்கிழமை 71,000. நர்ஸ் முகத்தைச் சுருக்கினார். சனிக்கிழமை 38,000. அன்று காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அம்மா ஊரிலிருந்து போன் செய்து குலசாமிக்கு முடிந்து வைத்த காசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். டாக்டர் மட்டும் என் மனைவியை வெளியே கூப்பிட்டு, “இன்னும் இறங்கினா மூளைக்குள்ள ரத்தம் கசியலாம், அப்புறம் எங்க கையில இல்ல” என்றிருக்கிறார். ஒரு யூனிட் சிங்கிள் டோனர் பிளேட்லெட் வேண்டும், ராத்திரிக்குள்.

மழை. ரத்த வங்கி வேறொரு இடம். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று வாட்ஸ்அப்பில் செய்தி போய், ஏழாவது ஆள் ஒத்துக்கொண்டார். தாம்பரத்திலிருந்து பைக்கில் நனைந்துகொண்டே வந்திருக்கிறார். இந்த வகை தானத்தில் ஆளைக் கருவியோடு இணைத்து, தட்டணுவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைத் திரும்ப உடம்புக்குள் அனுப்புவார்கள். ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தாராம். நடுவில் உதடு மரத்துப்போய், கால்சியம் மாத்திரை கொடுத்தார்களாம். ரத்த வங்கிக்கு 11,500 ரூபாய். மனைவி அந்தப் பையை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

ஏற்ற ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் எனக்குக் குளிர் தூக்கிப் போட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. ஒவ்வாமைக்கான அவில் ஊசி போட்டார்கள். “சிலருக்கு அப்படித்தான் இருக்கும்” என்றார்கள்.

எனக்கு ஈறிலோ மூக்கிலோ மலத்திலோ எங்கேயும் ரத்தம் வரவில்லை. மத்திய அரசின் டெங்கு வழிகாட்டுதல், ரத்தக்கசிவு இல்லாதவருக்குத் தட்டணு 10,000-க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றியே பேசுகிறது. எனக்கு இருந்தது 38,000. 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஐந்து மருத்துவமனைகளில், தட்டணு 20,000-ஐத் தாண்டாத, ரத்தக்கசிவு இல்லாத 372 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தட்டணு ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றியவர்களுக்கு ரத்தக்கசிவு குறையவில்லை. தடிப்பு, ஒவ்வாமை போன்ற தொல்லைகள்தான் கூடின. இதெல்லாம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தது. படுத்திருக்கிறவனுக்கும் பக்கத்தில் நிற்கிறவளுக்கும் அந்த நேரத்தில் தெரிவது ஓர் எண்ணும் ஒரு பயமும்தான்.

ஞாயிற்றுக்கிழமை வயிறு வலிக்க ஆரம்பித்தது. மேல் வயிற்றில், அமுக்கினால் உயிர் போகிற வலி. மூன்று முறை வாந்தி. எழுந்து பாத்ரூம் போகும்போது கண் இருட்டியது. “சாப்பிடாம இருக்கீங்கல்ல, கேஸ்” என்று ஓர் ஊசி. கவுண்ட் 16,000. இன்னும் இரண்டு யூனிட் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள்.

என் மனைவியின் தம்பி திருநெல்வேலியில் லேப் டெக்னீசியன். அவன் படித்த காலத்தில், 2012-ல், அந்தப் பக்கம் டெங்கு பெரிய அளவில் பரவியது. இந்தக் காய்ச்சலில் அவனுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அக்கா அனுப்பிய ரிப்போர்ட் படங்களைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டான். “அக்கா, பிளேட்லெட்ட விடு. அதே தாள்ல பி.சி.வி.னு இருக்கும் பாரு. நாலு நாளும் எவ்வளவுன்னு வாசி.”

வாசித்தாள். 40, 42, 45, 48.

எனக்கு இன்று வரை ஆறாதது அந்த நான்கு எண்கள்தான். பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு. அது ஏறிக்கொண்டே போனால், ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்தம் கெட்டியாகிறது என்று அர்த்தம். இருபது சதவீத ஏற்றம், எனக்குச் சரியாக அவ்வளவுதான், கசிவுக்கான தெளிவான அடையாளம். டெங்குவில் பலருக்கு உயிராபத்து வருவது அந்தக் கசிவால், ரத்த அழுத்தம் விழுந்து. அதுவும் காய்ச்சல் விட்ட பிறகு வரும் ஒன்றிரண்டு நாளில். காய்ச்சல் போய்விட்டது என்று வீட்டில் எல்லாரும் மூச்சு விடுகிற நேரம் அது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, தலைச்சுற்றல், துவண்டு போவது எல்லாம் அதன் அறிகுறிகள். நான்கு நாளும் அந்த எண் தட்டணுவுக்கு ஏழெட்டு வரி மேலே அச்சாகி வந்துகொண்டிருந்தது. அதைக் காட்டி விற்பதற்கு எதுவும் இல்லை, ஆகவே யாரும் அதைப் படிக்கவில்லை. நான் அப்படித்தான் நினைக்கிறேன். கவனக்குறைவு என்று நீங்கள் சொன்னால், சரி, கவனக்குறைவு.

“மெஷின் கவுண்ட நம்பாத, ஸ்மியர் போட்டுப் பாக்கச் சொல்லு” என்றும் சொன்னான். தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கருவி அவற்றைச் சரியாக எண்ணாமல் குறைத்துக் காட்டும், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேத்தாலஜிஸ்ட் வர மாட்டார் என்றார்கள். ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை பில் போடும் ஆள் இருந்தார்.

“டாக்டர் சொல்லையும் மீறி நாங்களாகவே கூட்டிப்போகிறோம், என்ன ஆனாலும் எங்கள் பொறுப்பு” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, பில் முழுவதையும் கட்டிய பிறகுதான் வெளியே விட்டார்கள். மாலையில் ஓர் அரசு மருத்துவமனையின் காய்ச்சல் வார்டு. அங்கே பார்த்த டாக்டர் சின்னப் பெண், பயிற்சி முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. கவுண்டைக் கேட்கவே இல்லை. கை விரலைத் தொட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. ரத்த அழுத்தம் 100-க்கு 80. “மேல இருக்கிறதுக்கும் கீழ இருக்கிறதுக்கும் இடைவெளி இருபதுதான் இருக்கு, இதுதான் எனக்குப் பயம்” என்றார். என் எடையைக் கேட்டு, மணிக்கு இத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு டிரிப்ஸ் ஓடவிட்டார். முந்தின இடத்தில் வேளைக்கு ஒரு பாட்டில், பி.சி.வி. ஏறினாலும் ஏறாவிட்டாலும். இங்கே சில மணிக்கொரு முறை பி.சி.வி. பார்த்து, அது இறங்கிய பிறகு வேகத்தையும் குறைத்தார்கள். கசிவு நின்ற பிறகும் அதே வேகத்தில் ஏற்றினால் வெளியே போன நீர் திரும்பி வரும்போது நுரையீரல் திணறும் என்று அவர்தான் விளக்கினார். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளக்க ஒரு மக் கொடுத்தார்கள். மூன்று நாளும் என் மனைவியின் முக்கிய வேலை அதுதான்.

அங்கே ஸ்மியர் பார்த்ததில் ஞாயிறு மாலை தட்டணு 31,000. திங்கள் 22,000. ஏற்றச் சொல்லி அழுதது நாங்கள்தான், அவர்கள் ஏற்றவில்லை. செவ்வாய் 29,000, புதன் 58,000, வியாழன் 1,04,000. தானாக ஏறியது. ஏழாவது எட்டாவது நாளில் பெரும்பாலானவர்களுக்குத் தானாக ஏறும், அந்த நேரத்தில் யார் என்ன கொடுத்துக்கொண்டிருந்தார்களோ அவர்களுக்குப் பெயர். பப்பாளி இலைச் சாறு, ஆட்டுக்கால் சூப், கிவிப்பழம், பிளேட்லெட் பை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அம்மா மட்டும் நிலவேம்புக் குடிநீரால்தான் பிழைத்தேன் என்கிறார். அவரோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

பில்லுக்கு வருகிறேன். மூன்றரை நாளுக்கு 86,400 ரூபாய், ரத்த வங்கிக்குக் கொடுத்தது தனி. என்.எஸ்.1 பரிசோதனை மூன்று முறை. முதல் நாளே பாசிட்டிவ் வந்ததை மறுபடி ஏன் பார்க்க வேண்டும்? வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஊசி தினம் இரண்டு. டாக்டர் விசிட் 11, அவர் வந்து பார்த்தது நான்கு முறை. கையுறை 60 ஜோடி. சாதாரண அறைக்கு “தீவிர கண்காணிப்புக் கட்டணம்”. நாங்களே வாங்கி, நாங்களே சுமந்து வந்த பையை ஏற்றியதற்கு 6,000.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில் இருக்கிறது. எழுத்தில் கேட்டு, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்பது நாள் ஆனது. இன்சூரன்ஸுக்கு வேண்டும் என்று வாங்கிய டிஸ்சார்ஜ் சம்மரியைச் சாவகாசமாகப் படித்தபோது நான்காவது வரியில் ஒரு வாக்கியம்: சனிக்கிழமை நோயாளிக்கு ஈறுகளில் ரத்தக்கசிவு காணப்பட்டதால் தட்டணு ஏற்றப்பட்டது.

மனைவியிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தாள். “ஏங்க, உங்க வாயைத் திறந்து பார்த்தவங்க யாரு?” என்றாள். நர்ஸ்கள் எழுதிய தினசரிக் குறிப்பில் அந்தக் கசிவு இல்லை. சம்மரியில் மட்டும் இருந்தது. அதனால்தான் வெறும் சம்மரியோடு நிற்காமல் கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, தினசரி ரத்த ரிப்போர்ட் எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். என் மனுவில் இப்போது பலமாக நிற்பது அந்த ஒரு முரண்பாடுதான்.

காசு கொடுத்துப் பெறும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். முதல் விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை. அடுத்த வாய்தா போட்டிருக்கிறார்கள்.

தாம்பரத்துக்காரர் போன வாரம் போன் செய்தார். உடம்பு எப்படி இருக்கிறது, வேலைக்குப் போகிறீர்களா என்று விசாரித்தார். “அன்னிக்கு ராத்திரி டைமுக்கு வந்து சேர முடிஞ்சதே, அது போதும் சார்” என்றார். அந்தப் பை எனக்குத் தேவையே இல்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.