வாழ்வதற்கு ஏற்றது அமெரிக்காவா, நார்வேயா?

வேலூர்க்காரர்கள் அயல்நாட்டை மருத்துவச் செலவை வைத்துத்தான் எடைபோடுகிறோம். சிஎம்சி மருத்துவமனை எதிரே லாட்ஜ் அறையிலேயே சோறு பொங்கும் வெளிமாநிலக் குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோமே! இதில் நார்வே முந்துகிறது: நோயாளி ஆண்டுக்கு ஒரு வரம்புவரைதான் கட்டணம் செலுத்துவார், மீதி அரசின் பொறுப்பு. அமெரிக்காவில் வேலை போனால் பலருக்குக் காப்பீடும் போய்விடும். ஆனால் அங்கே வரி குறைவு; காட்பாடியில் படித்துவிட்டுப் போகும் பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஈர்ப்பு.

நாட்டுப்பற்று? அமெரிக்கர்கள் வீட்டு வாசலிலும் கார் விற்கும் கடையிலும் கொடி கட்டுகிறார்கள். நார்வேயில் அது மே 17 அன்று பொங்கும். 1814-இல் அரசியலமைப்பு கையெழுத்தான நாள். அன்றைய ஊர்வலத்தில் பீரங்கி வண்டிகள் முன்னே வருவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் கொடியசைத்து நடப்பார்கள், பெரியவர்கள் ‘புனாட்’ என்னும் மரபுடையில் நிற்பார்கள். சிறுவர்களுக்கு ஐஸ்கிரீம் உண்டு. என் ஓட்டு நார்வேக்கு, குளிரைத் தாங்குபவர்களுக்கு மட்டும்.